சாயம் வெளுத்த கதை

ஒருவருக்குச் ‘சாயம் வெளுத்துப் போயிற்று’ என்று நாம் சொன்னால், அவருடைய கதை முடிந்தது என்பதே அதன் பொருள். தமிழிலே சாயத்துக்கு நாம் வகுத்துவைத்த இலக்கணம் அது வெளுக்கக்கூடாது என்பதுதான். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணல் நிலத்தைக் கிளறித் தோண்டிய சாயவேரை ஒல்லாந்தர் தமது வருமானத்துக்குரிய பண்டமாக வைத்திருந்ததற்கும், சோழமண்டலக் கரையின் துணிகள் கடல்கடந்து விலைபோனதற்கும், அந்த நிறம் வெயிலுக்கும் சலவைக்கும் ஈடுகொடுத்தது என்பதே பெருங்காரணம். வெளுக்கும் சாயத்தை எவரும் சாயமென்று மதித்ததில்லை.

இக்கட்டுரை அவ்வாறு வெளுத்துப்போன ஒரு சாயத்தின் குடும்ப வரலாறு. இன்று உலகின் பெரிய வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நடைபெறும்போது, நோயாளியின் நாளத்தில் பச்சை நிறத் திரவமொன்றை ஏற்றிவிட்டு, மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் காணவல்ல கமராவின் திரையைப் பார்த்தவாறு வைத்தியர்கள் கத்தியை நகர்த்துகிறார்கள். அந்தத் திரவமும், அதற்குப் பின்வந்த அதன் தம்பிமாரும் நூற்றுஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆடைத் தொழில், ஒளிப்படக்கலை, போர், வானியல், இருதய வைத்தியம் என்று பல வாசல்களிலே ஏறி இறங்கி வந்தவை. கலைப் பட்டதாரியான நான் இரசாயனத்தைப் பாடசாலையோடு விட்டவன். எனினும் இந்தக் கதை எனது தொழிலின் இருட்டறை வழியாகவும் போகின்றது என்பதை அறிந்தபோது அதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

1856ஆம் ஆண்டிலிருந்து தொடங்கவேண்டும். அந்த ஆண்டில், மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்ற வில்லியம் பேர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர், தவறுதலாக ஊதா நிறச் சாயமொன்றைப் பெற்றார். அதிலிருந்தே நவீன சாயத்தொழில் பிறந்தது என்பது பலரும் அறிந்த கதை. அதே ஆண்டில் கிரெவில் வில்லியம்ஸ் என்ற இன்னொரு இரசாயனவியலாளர், அதே சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் சிங்கோனைன் என்ற பொருளைக் காரத்தோடு வாலைவடித்து, அதில் வந்த குயினொலினை அமைல் அயடைட்டுடன் சேர்த்துக் காய்ச்சி, அழகிய நீலச் சாயமொன்றைக் கண்டார் என்பதை அறிந்தவர்கள் குறைவு. (சிங்கோனா பின்னர் எமது மலைநாட்டுக்கும் வந்தது. ஹக்கலைத் தாவரவியற் பூங்கா 1861இல் அமைக்கப்பட்டதே அந்த மரத்தைப் பயிரிடுவதற்காகத்தான்.) அந்த நீலத்துக்குக் கிரேக்க மொழியில் கருநீலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘சயனீன்’ என்ற பெயர் வந்தது.

பட்டின்மீது அது கண்ணைப் பறித்தது. ஆனால் வெயில் பட்டால் நின்றுபிடிக்கவில்லை. பேர்க்கினின் ஊதா இங்கிலாந்தின் சீமாட்டிகள்மீது ஏறி அவரைச் செல்வந்தராக்கியது. சயனீனோ சந்தையிலிருந்து இறங்கிவிட்டது. சாயக்காரரின் கணக்கில் அது தோல்வி.

சயனீன் ஏன் வெளுத்தது? ஒளியை அது அளவுக்கதிகமாக விரும்பி உறிஞ்சியது. உறிஞ்சிய சக்தியால் தானே சிதைந்தது. ஒளியோடு அதற்கிருந்த இந்த நெருக்கம் ஒளிப்படக்காரர்களுக்குப் பயன்படப் போகின்றது என்பதை 1856இல் ஒருவரும் எண்ணியிருக்க முடியாது.

அக்கால ஒளிப்படத் தகடுகள் நீல ஒளிக்கும் ஊதா ஒளிக்கும் மாத்திரமே மசிந்தன. வெள்ளி உப்பின் இயல்பு அது. சிவப்புச் சேலை கறுப்பாக விழும். நீல வானம் வெறும் வெள்ளையாகப் போகும். 1873இல் பேர்லினில் ஹேர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற பேராசிரியர், தன்னிடமிருந்த சில தகடுகள் பச்சை ஒளிக்கும் விடையளிப்பதைக் கண்டு வியந்தார். அவற்றிலே ஒளிச்சிதறலைத் தடுப்பதற்காக ஒரு மஞ்சட் சாயம் கலக்கப்பட்டிருந்தது. சாயம் தான் உறிஞ்சிய ஒளியின் சக்தியைப் பக்கத்திலுள்ள வெள்ளி உப்புக்குக் கொடுத்துவிடுகிறது என்று அவர் சரியாக ஊகித்தார். பலர் அதை நம்ப மறுத்தார்கள். ஆனால் பின்னர் சயனீன் குடும்பச் சாயங்களைத் தகட்டிலே சேர்த்தபோது, அதுவரை ஒளிப்படத்துக்குக் குருடாயிருந்த சிவப்பும் தெரியலாயிற்று. துணியிலே நிற்காத சாயம் தகட்டிலே நின்றது. அங்கே அது நெடுநாள் நிற்க வேண்டியதில்லை. ஒளி பட்ட கணத்தில் தன் வேலையைச் செய்தாற் போதும்.

1990களின் தொடக்கத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது எமது காரியாலயத்தின் இருட்டறையில் ஒரு விநோதத்தைக் கண்டதுண்டு. படத்தைத் தாளிலே அச்சிடும்போது சிவப்பு விளக்கு எரியும். படப்பிடிப்பாளர் பேசிக்கொண்டே வேலை செய்வார். ஆனால் பிலிம் சுருளைக் கழுவும்போது அந்தச் சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு, கும்மிருட்டில் கையால் தடவியே எல்லாம் செய்வார். காரணம் கேட்டால், “பிலிமுக்குச் சிவப்பும் தெரியும் தம்பி, தாளுக்குத் தெரியாது” என்பார். பிலிமுக்குச் சிவப்பைக் காட்டிக்கொடுத்தது இந்தச் சயனீன் வம்சந்தான் என்பதை அவரும் அறிந்திருக்கமாட்டார்.

முதலாம் உலகப் போர் இச்சாயங்களுக்கு அரசியல் முக்கியத்துவத்தைக் கொடுத்தது. விமானத்திலிருந்து எதிரியின் பதுங்குகுழிகளைப் படம்பிடிக்கப் புகாரையும் அதிகாலை மங்கலையும் ஊடுருவும் சிவப்புணர் தகடுகள் தேவைப்பட்டன. அவற்றுக்கான சாயங்களோ ஜேர்மனியின் கையில் இருந்தன. போர் மூண்டதும் வரவு நின்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் போப், வில்லியம் மில்ஸ் ஆகிய இருவரும் அச்சாயங்களை மீண்டும் ஆக்கும் வழியைக் கண்டு, நேச நாடுகளின் தகடுகளுக்கு வழங்கினார்கள். மில்ஸுடன் சேர்ந்து உழைத்தவர்களுள் ஃபிரான்சிஸ் ஹேமர் என்ற பெண்மணியும் ஒருவர். இவ்வகைச் சாயங்களின் மூலக்கூற்று அமைப்பை மில்ஸும் அவரும் 1920இல் தெளிவுபடுத்தினார்கள். பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்க 1948வரை மறுத்துவந்த பல்கலைக்கழகம் அது. ஹேமர் பின்னர் ஒளிப்படக் கம்பனிகளின் ஆய்வுகூடங்களிலே வாழ்நாளைச் செலவிட்டு, சயனீன் சாயங்கள் பற்றிய பெருநூலை 1964இல் வெளியிட்டார். வைத்தியசாலைகளில் இன்று பயன்படும் சாயங்களின் வரலாற்றை எழுதுவோர் அவருடைய பெயரை அபூர்வமாகவே சொல்லுகிறார்கள், அது நியாயமன்று.

சாயத்தின் அமைப்புத் தெரிந்த பின்னரே அதை ‘வடிவமைத்தல்’ என்ற பேச்சுக்கு இடம் வந்தது. அதுவரை நடந்தது காய்ச்சிப் பார்த்தல்தான்.

சயனீன் மூலக்கூறுக்கு இரண்டு தலைகள். நைதரசன் அணுவைக் கொண்ட வளையங்கள் அவை. இரண்டையும் இணைப்பது ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் காபன் சங்கிலி. ஒரு மின்னேற்றத்தை இரண்டு தலைகளும் சங்கிலி வழியே தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. வீணையிலே தந்தியின் அதிரும் பகுதி நீளநீள ஒலி தாழ்வதுபோல, இந்தச் சங்கிலி நீளநீள மூலக்கூறு உறிஞ்சும் ஒளி நீலத்திலிருந்து சிவப்பை நோக்கித் தாழ்கின்றது. இரண்டு காபன்களைக் கூட்டினால் ஏறக்குறைய 100 நனோமீற்றர். மூன்று காபன் சங்கிலி 550 நனோமீற்றர் அளவில் உறிஞ்சும். ஐந்து காபன் 650இல். ஏழு காபன் 750இல். இவ்வளவு ஒழுங்கான கணக்குச் சேதன இரசாயனத்தில் எளிதில் வாய்ப்பதில்லை. 750 நனோமீற்றரைத் தாண்டினால் மனிதக் கண் ஏறத்தாழக் குருடு. தமிழகத்தார் அகச்சிவப்பு என்றும் எமது பாடநூல்கள் செந்நிறக்கீழ்க் கதிர் என்றும் சொல்லும் பிரதேசம் அங்கே தொடங்குகிறது.

அமெரிக்காவின் றோச்செஸ்ற்றர் நகரிலிருந்த கொடாக் ஆய்வுகூடத்தில் லெஸ்லி புரூக்கரும் அவருடைய கூட்டத்தாரும் சங்கிலிகளை நீட்டியும் தலைகளை மாற்றியும் ஏராளமான சாயங்களை ஆக்கினார்கள். செந்நிறக்கீழ் ஒளியை உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. 1932இல் மவுண்ட் வில்சன் வானோக்கு நிலையத்தில் வோல்ற்றர் அடம்ஸும் தியடோர் டன்ஹாமும் அத்தகைய தகடுகளைக் கொண்டு வெள்ளிக் கிரகத்தின் நிறமாலையைப் பதிந்து, அதன் வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் அடையாளங் கண்ட கோடுகள் 780 நனோமீற்றருக்கும் 870 நனோமீற்றருக்கும் இடையில் இருந்தன. அந்த எண்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மனித உடலுக்கும் அதே இடத்தில் ஒரு சாளரம் இருக்கின்றது.

இரவிலே மின்சூள் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். கை சிவப்பாக ஒளிரும். வெள்ளை ஒளியின் நீலத்தையும் பச்சையையும் குருதியிலுள்ள ஈமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மாத்திரம் தப்பி வருகிறது. சிவப்பைத் தாண்டிப் போனால் ஈமோகுளோபினின் பசி இன்னும் குறையும். ஆனால் 900 நனோமீற்றரைத் தாண்டியதும் உடலிலுள்ள நீர் விழுங்கத் தொடங்குகிறது. இந்த இரண்டு பசிகளுக்கும் நடுவே, ஏறத்தாழ 650இலிருந்து 900 வரை, உடல் ஒளிக்கு ஓரளவு வழிவிடுகிறது. அந்த இடைவெளியில் உறிஞ்சி அந்த இடைவெளியிலேயே ஒளிரும் சாயம் ஒன்று இருந்தால், தோலுக்கும் தசைக்கும் கீழே சென்ரிமீற்றர் அளவு ஆழத்திலுள்ளவற்றை வெட்டாமலே காணலாம்.

ஆனால் முதலில் அந்தச் சாயத்தைத் தேடியவர் ஒளிர்வை நினைத்துத் தேடவில்லை. 1950களில் மேயோ கிளினிக்கில் ஏர்ல் வூட் என்பாரின் தலைமையில் இருதய ஆய்வு நடந்தது. பிறப்பிலேயே இருதயத்தில் துவாரமுள்ள குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யக்கூடிய காலம் அப்போதுதான் பிறந்திருந்தது. வெட்டுமுன் குருதி எந்த வழியால் எவ்வளவு ஓடுகிறது என்று அறியவேண்டியிருந்தது. அளந்த சாயத்தைக் குருதியில் ஏற்றி, அது எவ்வளவு விரைவில் ஐதாகின்றது என்று ஒளிமானியால் பதிவது முறை. அப்போது வழக்கிலிருந்த எவன்ஸ் நீலம் சிவப்பு ஒளியிலே அளக்கப்படுவது. அந்த அலைநீளத்திலே ஒட்சிசன் நிறைந்த குருதியும் குறைந்த குருதியும் வேறுவேறாக உறிஞ்சுகின்றன. உடல் நீலம் பாரித்த குழந்தையிலே குருதியின் ஒட்சிசன் கணத்துக்குக் கணம் மாறுகின்றபோது, கருவி காட்டுவது சாயத்தையா ஒட்சிசனையா என்று சொல்ல முடியாது. அளவீடு யாருக்கு மிக அவசியமோ அவர்களிடத்திலேயே பொய்த்தது.

இருவகைக் குருதியும் ஒரே அளவாக உறிஞ்சும் புள்ளி ஒன்று உண்டு; அது 805 நனோமீற்றர் அளவில் இருக்கின்றது. அந்த இடத்தில் உறிஞ்சும் சாயம் வேண்டும் என்று வூட்டின் கூட்டத்திலிருந்த இர்வின் ஃபொக்ஸ் தேடினார். 800 நனோமீற்றரில் உறிஞ்சும் சாயங்களை யார் வைத்திருந்தார்கள்? ஒளிப்படக் கம்பனிதான். கொடாக்கின் ஏழு காபன் சங்கிலிச் சாயமொன்று தெரிந்தெடுக்கப்பட்டது. 1957இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் மேயோ வைத்தியர்களின் பெயர்களுக்கு நடுவே கொடாக்கின் புரூக்கருடைய பெயரும் இருக்கின்றது. இந்தோசயனீன் கிரீன் என்ற அச்சாயத்துக்கு 1959இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அனுமதி வழங்கியது.

ஃபொக்ஸ் கேட்டது சரியான நிறத்தை மாத்திரமே. கிடைத்ததோ அதைவிட அதிகம். இச்சாயம் நாளத்தில் ஏறியதும் பிளாஸ்மாப் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே குருதிக்குழாயை விட்டு வெளியே கசிவதில்லை. ஈரல் மட்டும் அதைப் பிடித்து மாற்றமின்றிப் பித்தத்தில் தள்ளுகிறது. சில நிமிடங்களில் குருதி பெரும்பாலும் தெளிந்துவிடும். நச்சுத்தன்மையோ மிகக் குறைவு. இவற்றுள் எதையும் எவரும் திட்டமிட்டு மூலக்கூறுக்குள் வைக்கவில்லை. நீரிலே கரையட்டும் என்று சேர்த்த இரண்டு சல்போனிக்கமிலக் கூட்டங்கள் செய்த உபகாரம் அது. ஈரல் சாயத்தை எவ்வளவு விரைவில் வெளியேற்றுகிறது என்று பார்த்து ஈரலின் பலத்தை மதிப்பிடலாம் என்பதும் உடனே புலப்பட்டது. இந்தச் சங்கதி பின்னால் யப்பானில் ஒரு பெரிய விளைவைத் தந்தது.

யப்பானைச் சொல்லும்போது ஒரு கிளைக்கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1970களின் தொடக்கத்தில் நிகொன் கொடென் என்ற யப்பானியக் கம்பனியில் டக்குவோ அயோயகி என்ற பொறியியலாளர், இதே பச்சைச் சாயத்தின் ஐதாக்கத்தைக் குருதி எடுக்காமலே காது மடலில் ஒளியைப் பாய்ச்சி அளக்க முயன்றார். நாடித்துடிப்பு அளவீட்டைக் குழப்பியது. இரண்டு அலைநீளங்களில் அளந்து துடிப்பை ஒன்றுக்கொன்று கழித்துவிட அவர் ஒரு வழி செய்தார். குருதியின் ஒட்சிசன் மாறியபோது அந்தக் கழித்தல் பிசகியது. பிசகுவதே ஒட்சிசனின் அளவைச் சொல்லுகிறதல்லவா என்று அவர் கண்டார். கொவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு விரல்நுனியில் மாட்டிப் பார்த்த சிறு கருவியின் தத்துவம் அவ்வாறு 1974இல் வெளிவந்தது. அயோயகி 2020 ஏப்ரலில் காலமானார். அந்தக் கருவிக்குச் சாயம் தேவையில்லை. ஆனால் சாயத்தை அளக்கப் போன இடத்தில்தான் அது அகப்பட்டது.

இனி ஒளிர்வுக்கு வருவோம். ஒரு சாயம் உறிஞ்சிய ஒளியைச் சற்று நீண்ட அலைநீளத்தில் திருப்பி வெளிவிடுவதைப் புளோரொளிர்வு என்பார்கள். கண் வைத்தியத்தில் புளோரசீன் என்ற மஞ்சட்பச்சைச் சாயத்தை ஏற்றி விழித்திரையின் குருதிக்குழாய்களைப் படம்பிடிக்கும் முறையை, ஹரோல்ட் நொவொட்னி, டேவிட் அல்விஸ் என்ற இரண்டு வைத்திய மாணவர்கள் 1961இல் வெளியிட்டார்கள். ஆனால் விழித்திரைக்குப் பின்னேயுள்ள குருதிக்குழாய்ப் படை அதிலே தெரியவில்லை. நிறப்பொருட் படலம் அந்த ஒளியைத் தடுத்துவிடும். செந்நிறக்கீழ் ஒளி அதைக் கடக்கும் என்ற எண்ணத்தில் 1970களின் தொடக்கத்தில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் றொபேட் ஃபிளவரும் பேர்னாட் ஹொக்கைமரும் இந்தோசயனீன் கிரீனின் ஒளிர்வைப் பிலிமிலே பிடித்தார்கள். பிடித்தார்களேயன்றி, படம் மங்கலாகவே இருந்தது. உறிஞ்சும் ஒளித்துகள்கள் நூற்றில் ஒரு சிலவற்றையே இச்சாயம் திருப்பித் தரும். அதைக் காணும் சக்தி பிலிமுக்குப் போதவில்லை.

பிலிமைத் தோற்கடித்த கருவியே இச்சாயத்தை வெற்றிபெறச் செய்தது என்பது இவ்வரலாற்றின் முரண். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்த சிலிக்கன் உணரி, சாயத்தின் துணையில்லாமலே ஏறத்தாழ 1000 நனோமீற்றர் வரை பார்க்கும். தொலைக்காட்சியின் ரிமோட்டைக் கைத்தொலைபேசிக் கமராவின் முன் பிடித்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத விளக்கு திரையிலே மினுங்குவதைப் பல தொலைபேசிகளில் காணலாம். அது செந்நிறக்கீழ் ஒளி. 1975இல் கொடாக்கின் ஸ்ரீவன் சசொன் முதலாவது டிஜிற்றல் கமராவைச் செய்தார். 2012 ஜனவரியில் கொடாக் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. பிலிமுக்காகப் பிறந்த சாயக் குடும்பம் பிலிமை இழந்து அனாதையாகியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே அது வேறு வீட்டில் குடியேறிவிட்டது.

யப்பானிய வைத்தியர்கள் ஈரலை வெட்டுமுன் அதன் பலத்தைச் சோதிக்க இச்சாயத்தை வழக்கமாக ஏற்றுவார்கள் என்றேன். 2009இல் டக்கேஅக்கி இஷிஸவாவும் அவருடைய தோழர்களும், சில நாட்களுக்கு முன் சோதனைக்காகச் சாயம் ஏற்றப்பட்ட நோயாளிகளின் ஈரலைச் சத்திரசிகிச்சையின்போது செந்நிறக்கீழ்க் கமராவால் பார்த்ததை வெளியிட்டார்கள். நல்ல ஈரல் சாயத்தைப் பித்தத்தில் தள்ளிவிட்டு இருண்டிருந்தது. புற்றுக்கட்டிகள் தள்ள இயலாமல் தேக்கிவைத்து ஒளிர்ந்தன. வேறொன்றை அறிவதற்காகக் கொடுத்த மருந்து நோயைக் காட்டிக்கொடுத்தது. மார்புப் புற்றில் நிணநீர்க் கணுக்களைத் தேடவும், பித்தப்பையை அகற்றும்போது பித்தக்குழாயை வெட்டிவிடாமல் காக்கவும், குடலைத் தைக்கும்போது குருதி வருகிறதா என்று பார்க்கவும் இச்சாயம் இப்போது பயன்படுகிறது.

எனினும் அதற்குக் குறைகள் உண்டு. மங்கல்; நீரில் கரைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் பாவித்துவிடவேண்டும்; எல்லாவற்றிலும் மேலாக, தான் போகுமிடத்துக்குப் போகுமேயன்றி நாம் அனுப்புமிடத்துக்குப் போகாது. சாயத்தை வேறொரு மூலக்கூறோடு பிணைக்க ஒரு கைப்பிடி வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலன் வாக்கனரும், ரட்ணகர் முஜும்தார் முதலான அவருடைய தோழர்களும் 1989இலிருந்து 1993 வரையில் வெளியிட்ட கட்டுரைகளில் சயனீனுக்கு அந்தக் கைப்பிடியைப் பூட்டினார்கள். நீரில் கரைவதற்கான சல்போனிக்கமிலக் கூட்டங்களையும் தலைகளிலேயே வைத்தார்கள். சை3, சை5 என்ற பெயர்களில் அவை உலகின் மரபணு ஆய்வுகூடங்களை நிறைத்தன. பெயரிலுள்ள எண் சங்கிலியின் காபன் எண்ணிக்கை. ஹேமர் அம்மையார் கண்டால் உடனே புரிந்துகொண்டிருப்பார்.

ஒளிர்சாய வடிவமைப்பில் எம்மவர் ஒருவரின் பெயரையும் இங்கே குறித்தல் தகும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பயின்று பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஏ. பி. டி சில்வா, ஒளிரும் பகுதி, இடைவெளி, பற்றும் பகுதி என்று மூலக்கூறை மூன்றாகப் பிரித்துக் கட்டலாம் எனக் காட்டியவர். சோடியம் போன்ற அயன்கள் வந்து பற்றினால் மட்டும் விளக்கு எரியும். அந்த முறையில் அமைந்த உணரிகள் வைத்தியசாலைகளின் குருதிச் சோதனைக் கருவிகளில் இடம்பெற்றன. செந்நிறக்கீழ் ஒளி அவருடைய களமன்று. ஆனால் நிறத்தையும் வேலையையும் தனித்தனியே வடிவமைத்துப் பின் இணைப்பது என்ற சிந்தனை இக்களத்துக்கும் பொதுவானது.

செந்நிறக்கீழ்ச் சாயத்தை வடிவமைப்பவரின் சங்கடம் இதுதான்: ஒன்றைச் சீராக்கினால் இன்னொன்று கெடும். சங்கிலியை நீட்டினால் அலைநீளம் கிடைக்கும். ஆனால் நீண்ட சங்கிலி துவளும், துவளும்போது சக்தி வெப்பமாகப் போய் ஒளி குறையும். ஒட்சிசன் அதன் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி அறுக்கும். 1856இன் வெளுக்கும் நோய் இங்கேயும் தொடர்கிறது. அதனாலேயே சங்கிலியின் நடுவில் ஒரு வளையத்தைப் பதித்து விறைப்பாக்குகிறார்கள். விறைப்பான தட்டை மூலக்கூறு நீரில் கரைய மறுக்கும். கரைக்க மின்னேற்றக் கூட்டங்களை ஒட்டினால் அவை உடலின் கண்ட புரதங்களிலும் ஒட்டிக்கொள்ளும். கட்டியைத் தவிர எல்லாமே மங்கலாக ஒளிர்ந்தால் வைத்தியருக்கு என்ன பயன்? பொஸ்ரனில் ஜோன் ஃபிரஞ்சியோனியும் ஹக் சூ சொய்யும் இதற்குக் கண்ட மாற்று, மூலக்கூறின் மேற்பரப்பில் நேரேற்றத்தையும் மறையேற்றத்தையும் சமமாகப் பரப்பி உடலுக்கு அதை ‘அடையாளம் தெரியாததாக’ ஆக்குவது. 2013இல் அவர்கள் வெளியிட்ட அத்தகைய சாயம் ஈரலுக்குப் போகாமல் சிறுநீரகத்தால் விரைவில் வெளியேறியது. இலக்கைப் பற்றியது மாத்திரம் எஞ்சி ஒளிர்ந்தது. நிறத்தைவிட உடலிலே நடந்துகொள்ளும் முறையே முக்கியம் என்பதை இத்துறை உணர்ந்தது இக்காலத்தில்தான் என்பது எனது எண்ணம்.

இலக்கைப் பற்றுதல் என்றேன். சூலகப் புற்றுக் கலங்கள் பல ஃபோலேற் என்ற விற்றமினை ஆவலோடு பற்றும். பேர்டூ பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் லோ அந்த விற்றமினோடு ஒளிர்சாயத்தைப் பிணைத்தார். 2011இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் கொயிற்சென் வன் டாம் அதை முதன்முதலாக மனிதரில் பயன்படுத்தினார். அப்போது பிணைத்தது பழைய புளோரசீன். ஆழத்திலுள்ளதை அது காட்டாது. பின்னர் அந்த இடத்தில் சயனீன் வம்சத்துச் செந்நிறக்கீழ்ச் சாயம் வந்தது. பஃபொலசயனீன் என்ற பெயரில் 2021 நவம்பரில் சூலகப் புற்றுக்கும், 2022 டிசம்பரில் நுரையீரல் புற்றுக்கும் அமெரிக்கா அதை அனுமதித்தது. சூலகப் புற்றுக்கான சோதனையில் 134 பெண்களுள் 26.9 வீதத்தினரிடம், கண்ணாலும் கையாலும் கண்டுபிடிக்கப்படாத புற்று ஒன்றாவது ஒளிர்ந்து அகப்பட்டது. நான்கில் ஒரு பெண்ணின் வயிற்றில் விடப்பட்டுத் தைக்கப்பட்டிருக்கும் ஒன்று அது. அதே நேரம், ஒளிர்ந்ததெல்லாம் புற்றாக இருக்கவில்லை என்பதையும், அனுமதி கிடைத்தது கண்டுபிடிக்கும் திறனுக்கேயன்றி ஆயுள் நீடிப்பதற்கு அல்ல என்பதையும் செய்தியாளன் மறைக்கக்கூடாது. 2024 ஏப்ரலில் மார்புப் புற்றுக்காக அனுமதி பெற்ற பெகுலிசயனீன் என்ற இன்னொரு சயனீன், கடும் ஒவ்வாமை ஏற்படலாம் என்ற உயர்நிலை எச்சரிக்கையோடேயே சந்தைக்கு வந்தது.

1959இலிருந்து 2021 வரை 62 ஆண்டுகள். இடையில் ஆய்வுகூடங்களில் ஆயிரக்கணக்கில் சாயங்கள் பிறந்தன. எலிகள் பல நிறங்களில் ஒளிர்ந்தன. சஞ்சிகைகளின் அட்டைகளை அவை அலங்கரித்தன. வைத்தியசாலையின் கதவுக்குள் நுழைந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. மருந்தென்றால் நோயாளி ஆண்டுக்கணக்கில் விழுங்குவார். சத்திரசிகிச்சைச் சாயமோ வாழ்நாளில் ஒரு முறைதான். சோதனைச் செலவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்கிறபோது முதலீட்டாளர் எதைத் தேர்வார் என்று சொல்லத் தேவையில்லை. கொடாக்கின் சாயத்தை மேயோவுக்குக் கொண்டுசேர்த்த பாதையில் இத்தனை காவல் அரண்கள் இருக்கவில்லை. அவை நீங்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவற்றைக் கடக்கும் செலவைப் பொதுப்பணத்தால் தாங்கும் நாடுகள் போதாது என்றே சொல்வேன்.

இப்போது ஆய்வாளர்களின் கண் 1000 நனோமீற்றருக்கு அப்பால் போயிருக்கின்றது. அங்கே இழையங்களில் ஒளி சிதறுவது குறைவு. படம் கூர்மையாக வரும். சிலிக்கன் அங்கே குருடு. இந்தியம், கல்லியம், ஆசனிக்கு சேர்ந்த விலையுயர்ந்த உணரி வேண்டும். 2016இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஹொங்ஜி டாய் குழுவினர், 1055 நனோமீற்றரில் ஒளிரும், சிறுநீரகத்தால் வெளியேறும் சிறிய சேதன மூலக்கூறு ஒன்றை ஆக்கினார்கள். அது சயனீனே அல்ல. எதிர்மின்னியைக் கொடுக்கும் பகுதிகளுக்கு நடுவே அதை வாங்கும் பகுதியை வைத்துக் கட்டிய வேறொரு வம்சம். அதன் வெளிச்சம் மிகக் குறைவு. அதைக் கூட்டுவதற்கான போட்டியில் பல நாட்டு ஆய்வுகூடங்கள் இறங்கியிருந்த நிலையில், 2018இல், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மொங்கி பவெண்டியின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தைச் சேர்ந்தோர் புதிய கமராவைப் பழைய இந்தோசயனீன் கிரீனின்மீது திருப்பிப் பார்த்தார்கள். அதன் ஒளிர்வு 830 நனோமீற்றர் அளவில் உச்சம் பெற்று அங்கே முடிந்துவிடுகிறது என்றே நினைத்திருந்தார்கள். முடியவில்லை. அதன் வால் 1000 நனோமீற்றரையும் தாண்டி நீண்டு, அதற்கென்றே ஆக்கிய புதுச் சாயங்கள் சிலவற்றையும்விட வெளிச்சமாக இருந்தது. பெய்ஜிங்கில் ஈரற் புற்றுக்குச் சத்திரசிகிச்சை பெற்ற 23 நோயாளிகளில் அந்த வாலொளியைக் கொண்டு கட்டிகளைத் தேடியதைச் சீன ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். மனிதரின் சத்திரசிகிச்சையில் 1000 நனோமீற்றருக்கு அப்பாற்பட்ட ஒளி வழிகாட்டியது அதுவே முதற்றடவை. நாளத்தில் ஏற்றப்பட்டது 1957இன் சாயம்.